இரண்டு முறை இருந்த வரி

புதிதாக நிரல் எழுதுகிறவர்களை உலகம் பெயர் சொல்லி அழைக்கிறது, அடுத்தவர் எழுதிவைத்த நிரலைத் துடைத்துப் பெருக்குகிறவர்களை "இதை யார் தொட்டது?" என்று அழைக்கிறது. இதைப் படித்ததும் பெருமூச்சு விட்டவர்கள் என் இனம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ரிங்லெட் என்ற மலையூரில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கும், பிற்பாடு கணினியும் கற்பித்து ஓய்வு பெற்றவள். கணினியில் எழுத்தைத் தட்ட, திருத்த, சேமிக்க ஓர் எடிட்டர் உண்டு. சி மொழியில் எழுதப்பட்டது. அதன் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பல நாட்டுக்காரர்கள் பல காலம் எழுதி எழுதி, குடும்பங்கள் மாறி மாறிக் குடியிருந்த லயன் வீடு மாதிரி ஆகிவிட்டது அது. சுவரெல்லாம் ஆணி. எதை மாட்ட அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் ஆணி பிடுங்குகிறவள். யாரும் பயன்படுத்தாத பெயர்கள், ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்யும் வரிகள், நிரல் ஒன்று செய்ய வேறொன்றைச் சொல்லும் குறிப்புகள் எல்லாம் என் இலாகா.

இத்தனை எடிட்டர் இருக்க இது ஏன் என்றால், என் கணவர் இதில்தான் பேசுகிறார். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தவர். சரிவின் உச்சியில் நின்று கூப்பிட்டால் அடிவாரத்துச் செடி நிரையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், அப்படிப்பட்ட குரல். மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் அந்தக் குரலையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. இடது கை ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுகிறார். கறுப்புத் திரை, பெரிய எழுத்து, வேறு எந்த அலங்காரமும் இல்லாத இந்த எடிட்டர் அவருக்குத் தோதுப்பட்டது. அவர் வாய் குடியிருக்கும் வீடு ஆயிற்றே, கூட்டி வைப்போம் என்றுதான் ஆரம்பித்தேன்.

திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் ஒருவர் கையில். எங்கோ ஒரு குளிர் நாட்டுக்காரர். நான் அவருக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். எதையும் கூட்டவில்லை, ஈரம் இருந்திருந்தால் அதையும் தந்திருப்பேன்.

வரிக் கடைசி

சில வரிகளின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாத வெற்று இடைவெளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ இடைவெளிக் கட்டையில் கட்டைவிரலை வைத்தபடி யோசித்த தடயம். என் முதல் திருத்தம் அவற்றை நீக்கியதுதான். புது வீட்டுக்குப் போனால் முதலில் வாசலைக் கூட்டுவோமே, அந்த மரியாதை.

மூன்று கோப்புகளை ஒன்றாக அனுப்பாதீர்கள், பிரியுங்கள் என்றார் கங்காணி. பிரித்தேன். திருத்தத்தின் தலைப்பு நீளம் என்றார். சுருக்கினேன். சுருக்கியதில் பொருள் விளங்கவில்லை என்றார். விளக்கினேன். விளக்கியதில் தலைப்பு நீண்டுவிட்டது என்றார். பதினோரு நாள். எதிர்மலை பனியில் காணாமல் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது, நானும் அப்படித்தான். பன்னிரண்டாம் நாள்தான் அவருக்கு அடிப்படைச் சந்தேகம் வந்தது.

"இதனால் எந்தப் பிழை சரியாகிறது?"

தற்காலிகம்

ஓர் இடத்தில் குறிப்பு இருந்தது: இது தற்காலிக ஏற்பாடு, அடுத்த வாரம் மாற்றிவிடுவேன். எழுதிய நாளைத் தோண்டிப் பார்த்தேன். நான் சாக்குக்கட்டியும் கையுமாக வகுப்பில் நின்ற காலம். அந்த ஏற்பாடு அன்றிலிருந்து இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. வராத வாரத்துக்கு எதற்கு வாசலில் விளக்கு என்று குறிப்பை மட்டும் எடுத்து அனுப்பினேன். நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை, அதை எழுதிய மனிதரே வந்துவிட்டார். வருடக்கணக்காக அந்தப் பக்கம் தலைகாட்டாதவர், உயிரோடு இருக்கிறாரா என்றே மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தயவுசெய்து அந்தக் குறிப்பை எடுக்காதீர்கள். நான் இன்னும் அதை மறக்கவில்லை."

யார் வீடு

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வரும்போது அவள் உடம்பெல்லாம் வறுத்த இலை வாசம். ஒரு நாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ரிட்டையர் ஆயியும் என்னா டீச்சர் எழுதிக்கிட்டே இருக்கீங்க?"

"எழுதல பரமேஸ், அழிக்கிறேன்."

"சம்பளம் தர்றாங்களா?"

"இல்ல."

"பேராச்சும் போடுவாங்களா?"

"போடுவாங்க. ஒரு பட்டியல்ல, கீழ."

"அத யாரு பாப்பா?"

"நான் பாப்பேன்."

கங்காணியைப் பற்றியும் சொன்னேன். மூன்றாகப் பிரித்தது, சுருக்கியது, விளக்கியது எல்லாம். அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். என் வேலையை இதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் விளக்கியதில்லை.

"யாரு வூடுன்னே தெரியாம வாசக் கூட்டுறீங்க. அதுல அந்த வூட்டுக்காரன் வேற வந்து ஏன் கூட்டுனேன்னு கேக்குறான். நல்லா இருக்குலா."

தக்காளி

புதுப் பதிப்பு வெளியாகும் சமயம். அன்று மாலைக்குள் வந்த திருத்தங்களுக்கு மட்டுமே இடம் என்று கங்காணி அறிவித்திருந்தார். அன்று காலைதான் மழையில் வடக்கே எங்கோ மண் சரிந்து இணையம் போனது. நான் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு மூலையாக நின்று பார்த்தேன். ஒரு கோடுகூட வரவில்லை.

பிற்பகலில் கம்பத்தடியில் மழைச்சட்டையோடு, கம்பி பழுது பார்க்கும் லைன்காரர் ஒருவர் நின்றார். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எப்போது வரும் என்று கேட்டேன். கம்போங் ராஜா வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். மிக அவசரம், உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒன்றுக்கு நான் ஒரு கோப்பை அனுப்பியாக வேண்டும் என்றேன். என்ன கோப்பு என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஒரு நிரலில் யாரும் பயன்படுத்தாத ஆறு வரிகளை நீக்கியிருக்கிறேன் என்று, குடைக்குள் நின்று, உண்மையைச் சொன்னேன்.

"உங்க ஃபைல் அழுவிப் போவாது ஆன்ட்டி. கோலா தெர்லாவுல லோரி வராம தக்காளி அழுவுது, அவுங்களுக்கே நான் பதில் சொல்லல."

சோதனைச்சாலை

எதைத் திருத்தினாலும் அதை முதலில் என் கணவரின் கணினியில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். என்னுடையது புதியது, எல்லாம் ஓடும். அவருடையது நான் பள்ளியில் இருந்தபோது வாங்கிய பழசு. அதில் ஓடினால் எதிலும் ஓடும். புதிய பதிப்பைப் போட்டதும் நானே நாலு எழுத்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் தருவேன். ஆனாலும் அவ்வப்போது ஏதாவது ஆகும். ஒரு முறை நிறம் மாறியது. ஒரு முறை மேல் அம்பு கீழே போனது.

அவர் பேசும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திரையைப் பார்க்க மாட்டார். கண் முழுவதும் விசைகளின் மேல். ஒற்றை விரல் எழுத்தைத் தேடிப் போகும். முடித்ததும் கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தேயிலைச் சரிவைப் பார்ப்பார். நான் படிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. திருமணமான நாளிலிருந்து என்னை அவர் அழைப்பது 'டீச்சர்' என்றுதான். முதலில் கிண்டலுக்கு, பிறகு அதுவே பெயராகிவிட்டது. இப்போது அதைத் தட்டுவதில்லை, எழுத்து அதிகம் என்று. மேல் அம்பு கீழே போன அன்று கணினி என் பக்கம் கொஞ்சம் வேகமாகவே திரும்பியது.

"நான் பேசுறதா, இல்ல ஒன் எடிட்டர சோதிச்சுப் பாக்குறதா? எதையாச்சும் ஒண்ணச் சொல்லு."

குதிரை

மலைக்குக் கீழே ஈப்போவில் பேச்சுப் பயிற்சி தரும் இடம் ஒன்று இருக்கிறது. முழுக்குரல் திரும்பாது, ஆனால் சில சொற்கள் வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாதக்கணக்காகக் கெஞ்சினேன். மலையிறங்க வேண்டும், வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும், வேற்று மனிதர் முன்னால் வாயைக் கோணிக்கொண்டு உட்கார வேண்டும். எல்லாம் எனக்கும் தெரியும். ஒரே ஒரு சொல் வந்தால் போதாதா என்று கேட்டேன். விரல் வெகு நேரம் விசைகளின் மேல் அலைந்தது.

"வளைவு வளைவா எறங்கிப் போயி வாயத் தொறந்து பல்லக் காட்ட நான் என்னா குதிரையா?"

நல்ல கண்

அந்தப் பருவத்தில்தான் எதிர்ச் சரிவில் கவாத்து நடந்தது. செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டி நிறுத்தியிருந்தார்கள். பச்சை போய் மலை முழுக்கக் குச்சிக் காடு. ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டிருந்தார்கள். அது இருந்தால்தான் வெட்டுப்பட்ட செடி மூச்சு விடும். இத்தனை வருடம் கிராணி மனைவியாக இருந்தவளுக்கு இது தெரியாததல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் அன்று நிரலைத் துடைத்தேன்.

திரையில் எழுத்தை விழச்செய்யும் பகுதியில் ஒரே கட்டளை அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவதைச் சுற்றி ஏதோ நிபந்தனை. இரண்டாவது தனியாக நின்றது. இரண்டும் செய்வது ஒரே காரியம். என் கணினியில் இரண்டாவதை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. வழக்கத்தை மீறி, அவர் கணினியில் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பினேன். இத்தனை காலத்தில் முதல் முறையாகக் கங்காணி எதையும் பிரிக்கச் சொல்லவில்லை, சுருக்கச் சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. சேமியா பாயசம் வைத்தேன். பரமேஸ்வரிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

"நல்ல கண். சேர்த்துவிட்டேன்."

பத்து மணி

அடுத்த வாரமே ஈப்போவிலிருந்து அழைத்தார்கள். யாரோ ஒருவர் விலகிக்கொண்டதால் ஓர் இடம் காலியாம்; மறுநாள் காலை பத்து மணிக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். அன்று மாலை அவரிடம் கேட்டேன். 'நான் எங்கயும் வரல. விடு' என்று தட்டிக் காட்டினார். காலை வரைக்கும் யோசியுங்கள் என்றேன்.

காலையில் அவர் எழுவதற்குள் புதிய பதிப்பை அவர் கணினியில் போட்டுவைத்தேன். நாலு எழுத்து தட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வரிதானே எடுத்தேன் என்ற தெம்பு. பசியாறியதும், "மணி ஆவுதுங்க, என்ன சொல்லட்டும்?" என்றேன். வெகு நேரம் தட்டினார். கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். திரையின் கடைசி வரி: 'நான் எங்கயும் வரல. விடு.' அதையே மறுபடி தட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். "இதான் முடிவா?" தலையசைத்தார். "நல்லா யோசிச்சாச்சா?" மறுபடியும் தலையசைத்தார். உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு வேறு. எனக்கு அந்தச் சிரிப்பில்தான் கோபம் தலைக்கேறியது. கூடத்துக்குப் போய், போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே மேசையை அறையும் சத்தம். போனேன். மறுபடி தட்டிக் கணினியைத் திருப்பினார். அதே வரி. "படிச்சுட்டேன், தெரியுது" என்றேன். இன்னொரு முறை தட்டினார். அதே வரி. நான் சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன். விசைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஓட்டு நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் போல, நின்று நின்று. எல்லாம் அடங்கிய பிறகு வந்து பார்த்தபோது, காலையிலிருந்து அவர் சொன்னதெல்லாம் திரையில் மொத்தமாக விழுந்து கிடந்தது.

"சரி வர்றேன். டீச்சர்னு ஒரு தடவ கூப்புட முடிஞ்சாப் போதும்.
எங்க போற? போன வையி.
வர்றேன்னுதான எழுதிருக்கேன்.
படிச்சுட்டேன்ங்கிறியே, என்னத்தப் படிச்ச?
நான் சொல்றது ஒனக்குக் கேக்கலியா?"

அந்த இடம்

ஓடிப்போய் போனை எடுத்தேன். வரிசையில் நிற்கவைத்து இசை கேட்க வைத்தார்கள். பிறகு காலையில் பேசிய அதே பெண் எடுத்தாள். எங்களுடைய எடிட்டரில் ஒரு பிழை, அதனால்தான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது.

"ஆன்ட்டி, வேணாம்னு நீங்கதான சொன்னீங்க. அந்த எடத்த அப்பவே வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு."

எந்தப் பிழை

நடந்தது இதுதான். தட்டும் எழுத்துகளை எடிட்டர் உடனே திரைக்கு அனுப்புவதில்லை. ஒரு வாளியில் சேர்க்கும். வாளி நிறைந்தால் தானே கொட்டும். நிறையக் காத்திராமல் அவ்வப்போது கொட்டு என்பதுதான் அந்தக் கட்டளை. முதலாவதைச் சுற்றியிருந்த நிபந்தனை, புதிய வகைக் கணினிகளுக்கு மட்டும் என்று சொன்னது. பழசுக்கெல்லாம் இரண்டாவதுதான் கதி. நான் எடுத்தது பழசின் கதியை. கோப்பைத் திறந்தபோது முந்தைய நாள் வரிகள் வாளியை நிறைத்துத் திரைக்கு வந்துவிட்டன. அன்றைய பேச்சு மட்டும் உள்ளே தேங்கி நின்று, வாளி மறுபடி நிறைந்தபோதுதான் மொத்தமாகக் கொட்டியது.

பழைய பதிப்பையே அவர் கணினியில் திரும்பப் போட்டேன். அவர் தொடவில்லை. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் தலையசைப்பு மட்டும். ஆம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில். பல நாள் அப்படி. வீட்டில் என் குரல் மட்டும் நடமாடியது. அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வரியைத் திருப்பிச் சேர்க்கும்படி எழுதினேன். கங்காணி தம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டனவே, இதனால் எந்தப் பிழை சரியாகிறது? இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. 'என் கணவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை' என்று எழுதி, நடந்ததையும் கீழே எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. தாமும் பார்க்கத் தவறியதாக ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே:

"திருப்பி வையுங்கள். மேலே ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்களைப் போல ஒருவர் மறுபடி வருவார்."

ஒரு கிளை

கல்லூரி நாளில் கவிதை எழுதிப் பார்த்தவள், ஒரு வரிக் குறிப்பு எழுத முடியாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எழுதியதெல்லாம் மன்னிப்புக் கடிதம் போல இருந்தது. கடைசியில் அவருடைய கணினியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, நிபந்தனை, இரண்டு வரி, நான் கொண்டாடிய பாயசம்வரை. "ரெண்டு தடவ இருக்கேன்னு வெட்டிட்டேங்க" என்றேன். அவர் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சிக் காட்டில் அங்கங்கே புதுத் துளிர் சிவந்திருந்தது. விட்டுவைத்த கிளைகள் மட்டும் பழைய பச்சையில் நின்றன. பிறகு இடது கையால் கணினியைத் தம் பக்கம் இழுத்தார். நான் பின்னால் போய் நின்று ஒவ்வோர் எழுத்தும் திரையில் விழுவதைப் பார்த்தேன். 'கவாத்துல ஒரு கெளய நிறுத்துவோம்ல. பாக்கறவனுக்கு விட்டுப்போன மாரி இருக்கும். இது விட்டுப்போனதில்ல, விட்டு வச்சதுன்னு எழுது.'

தேயிலையைக் கழித்துவிட்டு அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கங்காணி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அனுப்பிவிட்டுத் திரும்பியபோது கணினி மறுபடி என் பக்கம் திரும்பியிருந்தது. 'ஈப்போவுல அடுத்த எடம் எப்ப?' மழைக்காலம் முடிந்துதான் என்றேன். சரிவைப் பார்க்கவில்லை, இந்த முறை நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே மேலும் தட்டினார்.

"சொல்லி வையி. இந்தத் தடவ நான் தலைய ஆட்ட மாட்டேன். நீயே ஒழுங்காப் படிச்சுக்க."

ஆக, இத்தனை காலம் துடைத்துப் பெருக்கியதில் அந்த எடிட்டருக்கு நான் சேர்த்துக் கொடுத்த ஒரே வரி, நானே வெட்டியெறிந்த வரிதான்.